பதினோராம் எண் போர்ட்டில் விளக்கு எரியவில்லை

மார்ச் 4, செவ்வாய்

காலையிலேயே லிப்ட் படுத்துவிட்டது. நாலு மாடி ஏறி மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்தால், பச்சை கூப்பிடுகிறார். எங்கள் கம்ப்யூட்டர் பிரிவின் தலைவருக்கு நான் வைத்த பெயர் அது. இந்த நோட்டை விட்டு வெளியே போனதில்லை. கண்காணிப்புத் திரையில் எல்லாக் கட்டமும் பச்சையாக இருந்தால்தான் அந்த மனுஷருக்குச் சோறு இறங்கும்.

இப்போது அவர் அறைச் சுவரில் பெரிய டிவி மாட்ட வேண்டுமாம். சர்வர்கள் எல்லாம் அதில் தெரிய வேண்டுமாம். "வெளியாளுங்க வந்து போற இடம் மேடம். ஒரு சிவப்புகூட கண்ணுல படக் கூடாது." இருநூறு படுக்கை உள்ள மருத்துவமனை இது. ரத்தப் பரிசோதனை முடிவிலிருந்து மருந்துச் சீட்டு வரைக்கும் அடித்தளத்தில் இருக்கிற ஒரு பெரிய சர்வர் வழியாகத்தான் போகிறது. அது மூச்சு விடுகிறதா என்று பார்ப்பது என் வேலை. டிவிக்கு ஆணி அடிப்பது யார் வேலை?

நாலரை மணிக்கு ஏணி வந்தார். கேபிள் இழுக்கிறவர், ஒப்பந்த ஆள். தோளில் ஏணி இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. "மேடம், பெரிய சர்வர்ல பதினொண்ணுன்னு போட்ருக்கிற ஓட்டையில விளக்கு எரியல" என்றார். திரையைத் திருப்பிக் காட்டினேன். "பாருங்கண்ணே, எல்லாம் பச்சை." திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "விளக்கு எரியலையே மேடம்." எனக்கு ஏறிவிட்டது. "பல்பு போயிருக்கும், போங்க" என்றேன். நூற்றுச் சொச்சம் போர்ட்டை, அவர் பாஷையில் ஓட்டையை, நான் இங்கிருந்தே பார்த்துக்கொண்டிருக்கிறேன். இவர் ஒரு ஓட்டையைக் குனிந்து பார்த்துவிட்டு எனக்குப் பாடம் எடுக்கிறார்.

கால் வலிக்கிறது.

மார்ச் 6, வியாழன்

டிவி மாட்டியாகிவிட்டது. பச்சைக்கு வாயெல்லாம் பல்.

மார்ச் 11, செவ்வாய்

நாளை மறுநாள் பெரிய சர்வரின் முதன்மைக் கேபிளை மாற்றுகிறார்கள். உறை பிய்ந்துவிட்டது. பழைய கேபிளின் வாலில் புதியதைக் கட்டி, சுவருக்குள் போகும் குழாய் வழியாக இழுக்க வேண்டும். இழுத்து முடிக்கிற வரை, முக்கால் மணி நேரமாவது, முதன்மை இருக்காது. அதற்குத்தான் மாற்றுக் கேபிள் ஒன்று தனியாக இருக்கிறது. முதன்மை போனதும் பாரத்தை அது தானாக வாங்கிக்கொள்ளும்.

ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொள்ளலாமே, கூட்டம் குறைவாக இருக்குமே என்று பச்சையிடம் கேட்டேன். "எல்லாம் பச்சையாத்தானே இருக்கு? எதுக்கு மேடம் பயப்படுறீங்க?" என்றார். டிவியைக் கை காட்டினார். அந்த டிவிக்குப் படம் அனுப்புவதே நான்தான் சார் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை.

மார்ச் 13, வியாழன்

படுத்துப் பார்த்து, எழுந்து வந்து நோட்டை எடுத்திருக்கிறேன். எழுதினால் அடங்குமா பார்க்கிறேன்.

பதினொன்றுக்கு ஏணி அடித்தளத்திலிருந்து போன் பண்ணினார். உருவட்டுமா என்றார். உருவுங்க என்றேன். "மேடம், அந்தப் பதினொண்ணு..." என்று மறுபடியும் ஆரம்பித்தார். அதே பாட்டு. "அண்ணே, எல்லாம் பச்சைன்னு சொல்றேன்ல. உருவுங்க" என்று வைத்துவிட்டேன்.

பதினொன்று ஏழுக்கு எல்லாம் போனது. ஒரு வார்டு, இரண்டு வார்டு இல்லை. மொத்தமும். எல்லாப் போனும் ஒரே நேரத்தில் அடித்தால் எதை எடுப்பது? ஆய்வகத்தில் முடிவு ரெடியாக இருக்கிறது, மேலே போகவில்லை. அறுவை அறையில் ஒரு அம்மாவுக்கு ரத்த வகை தெரிய வேண்டும். நர்ஸ் ஒருத்தி துண்டுச் சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டு நாலு மாடி ஓடினாள். லிப்ட் இன்றைக்கும் இல்லை. மூன்றாவது மாடியில் கால் மடங்கி விழுந்து, எழுந்து, மறுபடியும் ஓடியிருக்கிறாள்.

ஐம்பத்திரண்டு நிமிடம். பழைய கேபிள் பாதி வெளியே, புதுசு பாதிக் குழாயில். திரும்பவும் மாட்டலாம் என்றால் எதை மாட்டுவது?

அந்த அம்மா பிழைத்துக்கொண்டார். அது எங்கள் புண்ணியம் இல்லை, அந்த நர்ஸின் கால்.

ஒரு கேபிளை உருவச் சொன்னால் இரண்டையும் சேர்த்து உருவியிருக்கிறார் ஏணி. வேறென்ன நடந்திருக்க முடியும்? இரண்டில் ஒன்று இருந்தால்கூட சர்வர் நின்றிருக்காது. சின்னப் பிள்ளைக்குத் தெரியும். "ஒண்ணுதான் மேடம் உருவினேன், ஒண்ணுதான்" என்று படிக்கட்டில் நின்று சொல்லிக்கொண்டே இருந்தார். நான் வாய்க்கு வந்தபடி பேசிவிட்டேன். கண்ணு என்ன பொடனியிலயா இருக்குன்னு கேட்டேன். எல்லாரும் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

மார்ச் 14, வெள்ளி

அறிக்கை கேட்டார்கள். எழுதிக் கொடுத்தேன். அரைப் பக்கம்தான். "முதன்மை, மாற்று ஆகிய இரு கேபிள்களையும் கேபிள் பணியாளர் ஒரே நேரத்தில் அகற்றியதால்." பச்சை படித்துவிட்டுத் தலையாட்டினார். "தெளிவா இருக்கு மேடம்."

விசாரணை முடியும் வரை வர வேண்டாம் என்று ஏணியை அனுப்பிவிட்டார்கள். அவர் போவதை ஜன்னலிலிருந்து பார்த்தேன். ஏணியை இங்கேயே விட்டுவிட்டுப் போகச் சொல்லிவிட்டார்கள் போல. வெறும் தோளோடு நடந்து போனார்.

மார்ச் 16, ஞாயிறு

ஏணி மூன்று தடவை போன் பண்ணினார். எடுக்கவில்லை. செய்ததையும் செய்துவிட்டு விடாமல் மல்லுக்கு நிற்கிற ஆளோடு எனக்கென்ன பேச்சு? நாளைக்கு நானே அடித்தளத்துக்குப் போய்ப் போட்டோ எடுத்து வைக்கிறேன். அப்புறம் வாய் திறக்கட்டும்.

மார்ச் 17, திங்கள்

போட்டோ எடுக்கத்தான் போனேன்.

முதன்மைக் கேபிள் புதுசு, பளபளவென்று இரண்டாம் ஓட்டையில் இருக்கிறது. மாற்றுக் கேபிள் பதினொன்றில். அதன் மேல் தூசி. ஒட்டடையும் தூசியும் சேர்ந்து ஓட்டையின் வாயோடு ஒட்டிப்போய், ஒரு விரல்கூடப் படாமல். அதை யாரும் உருவவும் இல்லை, திரும்ப மாட்டவும் இல்லை. இரண்டு வருடமாக அது அசையவே இல்லை.

விளக்கு எரியவில்லை.

சோதனைக் கருவியை மாட்டினேன். எட்டு கம்பியில் இரண்டில்தான் உயிர். மேலே எங்கோ எலி கடித்திருக்கிறது. எப்போது கடித்ததோ. அந்தக் கேபிள் செத்துக் கிடந்திருக்கிறது, நாங்கள் அதை நம்பி முதன்மையை உருவச் சொல்லியிருக்கிறோம்.

அப்படியானால் என் திரை ஏன் கத்தவில்லை? ஓடி வந்து பார்த்தேன். பெரிய சர்வருக்குப் பன்னிரண்டு போர்ட். பெயர்கள் ஈத்-0 தொடங்கி ஈத்-11 வரை. திரையில் ஈத்-9 வரைக்கும்தான் இருக்கிறது. அதற்கப்புறம் அடுத்த சர்வர் வந்துவிடுகிறது. ஈத்-11 சிவப்பாகவும் இல்லை, பச்சையாகவும் இல்லை. அது திரையிலேயே இல்லை. இருக்கிறதெல்லாம் பச்சை, ஆகவே எல்லாம் பச்சை. எண்ணிப் பார்க்க எவனுக்கும் தோன்றவில்லை.

எந்தப் போர்ட்டைக் கவனிக்க வேண்டும், எதை விட வேண்டும் என்று திரைக்குச் சொல்கிற வரி ஒன்று உண்டு. பேட்டர்ன். பெயர் இந்த அச்சில் இருந்தால் எடுத்துக்கொள், இல்லாவிட்டால் தள்ளு. அந்த ஃபைலைத் திறந்தேன். பெயர் 'ஈத்' என்று தொடங்க வேண்டும், அதன்பின் ஒரே ஒரு இலக்கம், அத்தோடு முடிந்துவிட வேண்டும். ஒரே ஒரு இலக்கம். ஒன்பது வரை உள்ளே. பத்துக்கும் பதினொன்றுக்கும் வாசலிலேயே கதவடைப்பு.

எந்த முட்டாள் எழுதினான் இதை? அப்படித்தான் வாய்விட்டுக் கேட்டேன். பக்கத்து மேசையில் திரும்பிப் பார்த்தார்கள். யார் எழுதியது, எப்போது என்று பார்க்க ஃபைலின் அடிவரைக்கும் போனேன். எழுதியவர் ஒரு குறிப்பும் வைத்திருந்தார். "இனி இந்தப் பொய்ப் போர்ட்டுகளின் கத்தல் ஒழிந்தது. நிம்மதி."

பெயரைப் பார்க்கும் முன்பே தெரிந்துவிட்டது. 'ஒழிந்தது' என்று அலுவலக ஃபைலில் எழுதுகிற ஆள் இந்தக் கட்டடத்தில் ஒருத்திதான்.

நாலு வருஷம் முன்னாடி. அப்போது சர்வருக்கு நாலு போர்ட்டுதான். ஆனால் உள்ளே தானாக முளைத்துத் தானாக மறைகிற பொய்ப் போர்ட்டுகள் நிறைய. பெயரில் ஈத் இருக்கும், வாலில் நாலைந்து எண். அது மறையும்போதெல்லாம் அலாரம். பச்சை என்னை நிற்கவைத்துக் கத்தினார், ஒரு வாரத்துக்குள் அலாரம் நிற்க வேண்டும் என்றார். கோபத்தில் உட்கார்ந்து பத்தே நிமிடத்தில் அந்த வரியை எழுதினேன். அலாரம் நின்றது. பச்சை எல்லார் முன்னாலும் பாராட்டினார். இரண்டு வருடம் கழித்துப் பன்னிரண்டு போர்ட் வைத்த சர்வர் வந்தபோது, அந்த வரியை நான் திறந்துகூடப் பார்க்கவில்லை.

கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு. நான்தானே கேட்டேன். படிக்கட்டில் வைத்து. எல்லார் முன்னாலயும்.

மார்ச் 18, செவ்வாய்

யாரோடும் பேசவில்லை. அதற்கும் 'என்ன மேடம் கோபம்' என்று கேட்கிறார்கள்.

மார்ச் 19, புதன்

பேட்டர்னைத் திருத்தினேன். ஒரு இலக்கமோ, இரண்டோ. மாற்றியது ஒரே ஒரு குறி. திருத்திய அடுத்த நிமிடம் ஈத்-11 திரையில் வந்தது. சிவப்பு. பச்சையின் டிவியிலும் சிவப்பு. தானாக ஓடி வந்தார்.

சொன்னேன். ஒன்று விடாமல் சொன்னேன். கேட்டுவிட்டு, "சரி, திருத்திட்டீங்கல்ல? அப்புறம் என்ன?" என்றார்.

"அவர் ரெண்டையும் உருவினார்னு எழுதிக் கொடுத்திருக்கேன் சார். அது பொய்."

"பொய்யில்ல மேடம். அன்னிக்கு உங்களுக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

"இன்னிக்குத் தெரிஞ்சிடுச்சே."

என்னைத் தன் அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். ஜூனில் எனக்குத் துணைத் தலைவர் பதவி வருகிறது, அதை நான் மறந்துவிடக் கூடாதாம். அந்தச் சர்வரை வாங்கியவர் அவர், வேலையை வார நாளில் வைத்தவர் அவர், அதையெல்லாம் கிளறினால் யாருக்கும் நல்லதில்லையாம். கடைசியில் சொன்னார்: "ஒப்பந்த ஆளுதானே மேடம். அவருக்கு இது இல்லன்னா இன்னொரு இடம். உங்களுக்கு?"

சூடு சொரணை இருக்கிறவர் பேசுகிற பேச்சா இது? அதைவிட வயிற்றெரிச்சல் என்னவென்றால், அறையை விட்டு வெளியே வந்ததும் நான் யோசித்தேன். கால் மணி நேரம் உட்கார்ந்து யோசித்தேன். உடனே 'முடியாது' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஏணியைத் திட்ட மட்டும் எப்படி வந்தது?

மார்ச் 20, வியாழன்

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். பஸ் ஓட்டிவிட்டு வந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். முழுக்கக் கேட்டுவிட்டு, "டேஷ்போர்டுல எல்லாம் சரின்னுதான் காட்டும். நான் இறங்கி ஒரு சுத்து சுத்தி விளக்கப் பார்த்துட்டுத்தான் வண்டிய எடுப்பேன்" என்றார்.

"நீங்களும் பாடம் எடுங்க. ஊரே எடுக்குது."

"நான் என் வண்டியப் பத்திச் சொன்னேன்மா."

தட்டைக் கொண்டுபோய்க் கழுவும் தொட்டியில் போட்டேன். சத்தம் கேட்கட்டும் என்றுதான் போட்டேன். கொஞ்ச நேரம் கழித்து உள்ளே வந்தார். "அந்த அண்ணன் விளக்கு எரியலன்னு சொன்னாருங்கறதுக்குச் சாட்சி யாரு?" என்றார். யாரும் இல்லை. நானும் அவரும்தான் இருந்தோம். நான் வாயை மூடிக்கொண்டால் அவர் சொல்வது காற்றோடு போச்சு.

எழுதலாம் என்று இந்த நோட்டை எடுத்தேன். பக்கம் புரண்டு மார்ச் 4 வந்தது. லிப்ட், டிவி, கால் வலி. நடுவில் ஏணி. "விளக்கு எரியலையே மேடம்." கீழே என் கையெழுத்திலேயே என் பதில்.

ஆக, சாட்சி இருக்கிறது. அவரைக் கேலி பண்ணி நான் எழுதி வைத்த சாட்சி.

மார்ச் 22, சனி

ஏணி வீட்டுக்குப் போனேன். விலாசம் காவலாளி கொடுத்தார். இரண்டாவது மாடி, நீளமான வராண்டா, கடைசிக் கதவு. அவர் மனைவி திறந்தார். "நீங்கதானா அந்த மேடம்" என்றார். உட்காரச் சொல்லவில்லை. நியாயம்தான்.

ஏணி ஒரு பழைய மின்விசிறியைப் பிரித்துப் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். நிமிரவில்லை.

"நான் ஒரு கேபிளத்தான் உருவினேன்."

"தெரியும்ணே."

"எப்பலேருந்து தெரியும்?"

"திங்கக்கிழமையிலேருந்து."

ஸ்க்ரூவைக் கழற்றி ஒரு மூடிக்குள் போட்டார். "இன்னிக்குச் சனிக்கிழமை" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை. திட்டினால் நானும் ஏதாவது சொல்லலாம். சொல்லிச் சமாளித்துப் பழக்கம் இருக்கிறது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. திங்கள் முதல் சனி வரை அந்த வீட்டில் என்ன பேசியிருப்பார்கள்? நான் ஜூன் மாதத்தை எண்ணிக்கொண்டிருந்தேன்.

மன்னிப்புக் கேட்டேன். "விசாரணையில கேளுங்க" என்றார். "படிக்கட்டுல நாலு பேர் கேக்கத்தானே சொன்னீங்க. இதையும் நாலு பேர் கேக்கச் சொல்லுங்க."

மார்ச் 25, செவ்வாய்

விசாரணை. நீள மேசை. மூத்த டாக்டர் ஒருவர், நிர்வாகப் பிரிவு அம்மா, பச்சை. ஏணி சுவரோரம் நாற்காலி நுனியில். கால் கட்டோடு அந்த நர்ஸும் வந்திருந்தாள்.

புது அறிக்கையைப் படித்தேன். பழைய அறிக்கை தவறு. பேட்டர்ன் என்னுடையது. மாற்றுக் கேபிள் திரையில் இல்லாததை நான் கவனிக்கவில்லை. கேபிள் பணியாளர் ஒன்பது நாள் முன்பே சொன்னார், அன்றைக்கும் சொன்னார், இரண்டு தடவையும் நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வேலையை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றலாம் என்று நான் கேட்டதையும், டிவியைக் கை காட்டி எனக்கு வந்த பதிலையும் சேர்த்தே படித்தேன். பச்சையின் முகத்தில் ஈயாடவில்லை.

"அவர் முன்பே சொன்னார் என்பதற்கு ஆதாரம்?" என்று நிர்வாக அம்மா கேட்டார். இந்த நோட்டை எடுத்து மேசையில் வைத்தேன். மார்ச் 4, 11, 13 மூன்றையும் நகல் எடுத்தார்கள். பச்சையைப் பச்சை என்று எழுதியிருப்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. டாக்டர் படிக்கும்போது இருமினார். இருமல்தானா தெரியவில்லை.

படிக்கட்டில் நான் பேசியதையும் சொல்லி, ஏணியைப் பார்த்து மன்னிப்புக் கேட்டேன். நாலு பேர் கேட்கத்தான். அவர் தலையை ஆட்டினார். ஆமாம் என்றா, சரி என்றா, போதும் என்றா? கேட்கவில்லை.

நர்ஸ் மட்டும் வெளியே வந்து, "அந்த விளக்க ஒருத்தர் குனிஞ்சு பாத்திருந்தா நான் ஓட வேண்டாம்ல?" என்றாள். பாத்தாரும்மா, ஒருத்தர் பாத்தாரு என்றேன்.

ஏப்ரல் 4, வெள்ளி

தீர்ப்பு வந்தது. எனக்கு எழுத்தில் கண்டனம். ஜூன் ஜூனாகவே வந்து போகும், வேறொன்றும் வராது. பச்சைக்கு விளக்கம் கேட்டு ஒரு கடிதம், அவ்வளவுதான். டிவியை மட்டும் அவர் அறையிலிருந்து கழற்றி ஆய்வக வாசலில் மாட்டுகிறார்கள். பேட்டர்ன் சரியா என்று நானே மூன்று மாதத்துக்கு ஒருமுறை, சர்வரில் இருக்கும் போர்ட்டை எண்ணி, திரையில் இருப்பதை எண்ணி, ஒப்பிட்டுக் கையொப்பமிட வேண்டும்.

இதில் எனக்குக் கோபம் இல்லையா? இருக்கிறது. எனக்கு ஒன்று, அவருக்கு ஒன்று என்று நிறுத்தால் தராசு என் பக்கம்தான் இறங்குகிறது. இருக்கட்டும். வரி என்னுடையது.

ஏணி புதன் முதல் வரலாம்.

ஏப்ரல் 9, புதன்

ஏணி வந்தார். தோளில் ஏணி. காலையில் பார்த்தபோது சிரித்தேன். அவர் தலையசைத்துவிட்டுப் போனார்.

மாலையில் என் மேசைக்கு வந்தார். "மேடம், ஆய்வகத்து நெட்வொர்க் ஸ்விட்ச் பொட்டியில நாலுன்னு போட்ட ஓட்டையில விளக்கு விட்டு விட்டு எரியுது." திரை பக்கம் நான் திரும்பவே இல்லை. எழுந்துவிட்டேன். "வாங்கண்ணே, பாக்கலாம்."

அவர் நகரவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தார். புதுசு. கோடு போட்டிருந்தார். தேதி, ஓட்டை, யாரிடம் சொன்னேன். மூன்றும் ஏற்கெனவே எழுதியிருந்தது, கொட்டை எழுத்தில். நாலாவது கட்டம் மட்டும் காலி.

"இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க மேடம். அப்புறம் போலாம்."

சுர்ரென்று வந்தது. நான் வரேன்னு எழுந்து நிற்கிறேனே, இன்னும் என்ன என்று கேட்க வாய் திறந்தேன். மூடிக்கொண்டேன். பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டேன்.

நேரத்தையும் போடச் சொன்னார். 4.35. போட்டேன்.